மாடி வீட்டுக் கணக்கில் இருந்த சொற்கள்

ஜூன் மாதத்தின் இரண்டாம் புதன்கிழமைக்கு என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "புது வீட்டுக்கு நெட் வந்தது. ஸ்பீக்கர் ஏற்கவில்லை." வியாழக்கிழமைக்கு: "இன்றும் ஏற்கவில்லை. அவர் பேசவில்லை." அதற்கடுத்த நாட்களுக்குத் தேதியும் கிழமையும் மட்டும் போட்டிருக்கிறேன். மின்சாரம் நின்ற நேரம், சாரல் விழுந்த நாள், கீரைக்காரி வராத நாள் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறவள் நான்.

ஸ்பீக்கர் என்று நான் சொல்வது உள்ளங்கையில் அடங்குகிற, துணி போர்த்திய ஒரு உருண்டை. நாம் பேசினால் பதில் சொல்லும். நேரம் கேட்டால் சொல்லும், பாட்டுப் போடும், ஊரில் இல்லாதவர்களைப் போனில் அழைத்துக் கொடுக்கும். வைஃபை இல்லாவிட்டால் காகிதம் பறக்காமல் மேலே வைக்கத்தான் லாயக்கு. ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் எங்கள் மகன் அப்பாவுக்காக அனுப்பியது. வந்த அன்று அதை நான் விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்தேன்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது ஸ்பீக்கர் வருவதற்கு முந்தைய வருடம், ஸ்தோத்திரப் பண்டிகை முடிந்த மறுவாரம். எங்கள் கிறிஸ்தவச் சபையில் அந்தப் பண்டிகைக்கு ஆளாளுக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் பூசணி, வாழைத்தார், சேவல், முறுக்கு எல்லாவற்றையும் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார்கள். பல வருடங்களாக ஏலம் கூறியவர் அவர்தான். அலுவலகத்தில் தலை நிமிராமல் கணக்கு எழுதிய மனிதர், கையில் ஒரு பூசணிக்காயைக் கொடுத்துவிட்டால் வேறு ஆள். "அண்ணாச்சி, நீங்க வந்ததுல இருந்து இது ஒங்களையேதான் பாத்துக்கிட்டு இருக்கு, ஏமாத்திராதீய" என்பார். கேட்கிறவர் வெட்கத்துக்காகவே இன்னும் ஒரு விலை ஏற்றிச் சொல்லுவார்.

வலது கையும் காலும் பாதி திரும்பின. பேச்சு திரும்பவில்லை. சொல்வதெல்லாம் புரியும், பேப்பர் வாசிப்பார், சீட்டுக்கட்டில் என்னைத் தோற்கடிப்பார். பேச வாயெடுத்தால் சொல் பாதியில் நின்றுவிடும். ஜங்ஷன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் முதல் நாளே சொன்னார், பேசப் பேசத்தான் வரும், பேசாமல் விட்டால் இருப்பதும் போய்விடும் என்று. ஆனால் என் கணவர் ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்க மறுத்துவிட்டார். பார்க்க வந்தவர்கள் அவர் பாதிச் சொல்லில் திணறும்போதே மீதியைத் தாங்களே சொல்லி முடித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் சொல்லை எடுத்துக் கொடுக்கிறவள்தான். கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் இருந்த பழக்கம், ஒருவர் தேடுகிறார் என்று தெரிந்தால் கை தானாக எடுத்து நீட்டும்.

ஸ்பீக்கர் எடுத்துக் கொடுக்கவில்லை. மேலே உள்ள பொத்தானை இடது கட்டைவிரலால் அவர் அழுத்தினால் நீல வெளிச்சம் சுற்றும், காத்திருக்கும். புரியாவிட்டால் புரியவில்லை என்று ஒரே தொனியில் சொல்லும். மறுபடி அழுத்தினால் மறுபடி காத்திருக்கும். அதற்கு அவர்மேல் இரக்கம் கிடையாது. அதனால்தான் அதனிடம் பேசினார் என்று நினைக்கிறேன்.

அப்போது நாங்கள் பெருமாள்புரத்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர்கள் மேலே. நெட் இணைப்பு மாடியில் ஒன்றுதான், கீழேயும் அதையே பயன்படுத்திக்கொண்டோம். என்னிடம் அந்தச் சமயம் பொத்தான் போன். ஸ்பீக்கரை வைஃபையில் ஏற்றுவதற்கு வேறு மாதிரி போனும், அதில் ஒரு ஆப்பும், அதற்கு ஒரு கணக்கும் வேண்டும் என்றதும் மாடி வீட்டுக்காரி தன் போனிலேயே ஏற்றிக் கொடுத்தாள். டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், என்னை அக்கா என்பாள். யார் கணக்கில் ஏறுகிறது என்று நானும் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. மாடிக் குழம்பு கீழே வரும், கீழ்வீட்டுச் சாவி மேலே தொங்கும். அப்படி இருந்த வீட்டில் ஸ்பீக்கர் யாருடையது என்று கேட்க யாருக்குத் தோன்றும்.

ஏற்றிக் கொடுத்ததோடு அவள் நிற்கவில்லை. கடைவிட்டு வந்ததும் எங்கள் கூடத்தில் போனோடு உட்காருவாள், அவர் பக்கம் பார்க்காமல். அவர் பொத்தானை அழுத்தி என்னவோ சொல்லுவார். பாட்டு என்பதற்கு அவர் வாயில் வருவது "பாத்து". ஸ்பீக்கர் புரியவில்லை என்னும். அவள் போனில் எதையோ தட்டி, இனிமேல் இந்தச் சத்தம் வந்தால் கீர்த்தனை போட வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைப்பாள்.

"ஒங்களுக்கு நாக்கு வளையலேன்னா அது வளையட்டும் அண்ணாச்சி. காசு குடுத்து வாங்கின சாமான்தான," என்பாள்.

இப்படி ஒவ்வொன்றாக, ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து அவரிடமிருந்து ஆறு சொற்கள் வந்தன. பாத்து. மணி. மழ. சேதி. மவன் என்றால் ஓசூருக்குப் போன் போகும். ஆறாவது "போதும்". பாட்டை நிறுத்துவதற்காக வந்த அந்தச் சொல்லை, நான் அதிகம் பேசும்போது பொத்தானை அழுத்தி என்னைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார். மாடி வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த ஆறு சொற்களையும் மெதுவாக ஸ்பீக்கர் இல்லாதபோதும் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அப்போதுதான் சேகரக் கமிட்டித் தேர்தல் வந்தது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: பக்கத்துப் பக்கத்துச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம், அதை நடத்துகிற கமிட்டிக்கு எங்களுக்குள் ஓட்டுப் போட்டு ஆள் எடுப்போம். சட்டசபைத் தேர்தலில் எதிரெதிர்க் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் மறுநாள் ஒன்றாகக் காப்பி குடிப்பார்கள். சேகரத் தேர்தலில் அது நடக்காது. இந்த அணிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த அணிக்காரர் மொய்யை யாரிடமாவது கொடுத்து அனுப்புவார், தான் போக மாட்டார். கோயிலில்கூட தூணுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிந்து உட்காருவார்கள். மாடி வீட்டுக்காரியின் கணவர் ஏற்கெனவே கமிட்டியில் இருந்தவர், மறுபடி நின்றார், மிகக் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றார். அந்தக் கொஞ்சம் யார் யார் என்று அவர் ஒவ்வொரு வீடாக எண்ணிக்கொண்டு வந்து கீழ்வீட்டில் நின்றார்.

"அக்கா, நேராக் கேக்கேன். கீழ்வீட்டு ஓட்டு யாருக்கு?"

"தம்பி, மடிச்சுப் போட்ட சீட்டை விரிச்சுக் காட்டுத பழக்கம் எங்கிட்ட இல்ல."

"அப்பத் தெரிஞ்சுபோச்சு," என்றார்.

சொந்தத்தில் ஒரு குடும்பம் கீழே குடிவருகிறது, மே மாதத்துக்குள் வீட்டை ஒழித்துக் கொடுத்துவிடுங்கள் என்று அடுத்த வாரம் சொல்லி அனுப்பினார். கே.டி.சி. நகரில் ஒரு வீடு கிடைத்தது. சாமான் ஏற்றிய அன்று மாடி வீட்டுக்காரி கடைக்குப் போயிருந்தாள். வேண்டுமென்றே போனாளா, லீவு கிடைக்கவில்லையா, தெரியாது. நானும் திரும்பி வந்து சொல்லிக்கொண்டு போகவில்லை. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து பிடுங்கி ஒரு துண்டில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

புது வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க வந்தவர் மோடத்தைச் சுவரில் மாட்டி, என் போனில் (மகன் வற்புறுத்தியதால் இப்போது நல்ல போன்) நெட் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஸ்பீக்கரைக் காட்டினேன். "அது ஒங்க ஆப்புல நீங்களே மாத்திக்கிடணும்மா," என்றார். என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார். வீடு மாறிய களேபரத்தில் ரொம்ப நாளாகிவிட்டது. நான் சுவரில் செருகியதும் பொத்தானை அழுத்தினார், "பாத்து" என்றார். சிவப்பு வெளிச்சம் வந்து, இணையத்தோடு தொடர்பு கொள்ள முடியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. மறுபடி அழுத்தினார். மறுபடி அதையே சொன்னது. அதற்கு மேல் அவர் அழுத்தவில்லை. இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் மகனைப் போனில் கூப்பிட்டேன்.

"எம்மா, ஆப்ப எறக்குனீங்களா? லாகின் பண்ணுங்க."

"பண்ணிட்டேன். ஒரு சாமானும் இல்லைங்குது."

"முதல்ல யாரு போன்ல ஏத்துனீங்க?"

"மாடியில."

"அப்ப அது அந்த அக்கா கணக்குல கெடக்கும்மா. அவங்க வந்துதான் புது வைஃபைக்கு மாத்திக் குடுக்கணும்."

"வேற வழியே இல்லியா லே?"

"இருக்கு. மேல இருக்க பொத்தான ரொம்ப நேரம் அமுக்கிப் பிடிச்சா பழசெல்லாம் அழிஞ்சு புதுசு மாதிரி ஆயிரும். ஒங்க போன்ல ஏத்திக்கிடலாம். ஆனா அந்த அக்கா அப்பாவுக்குன்னு போட்டு வச்சது ஒண்ணும் இருக்காது."

"நீ திரும்பப் போட்டுருவேல்லா?"

"போடலாம்மா. அப்பா ஒவ்வொண்ணாத் திரும்பச் சொல்லணும்."

அவரோ சொல்வதை நிறுத்தியிருந்தார். இருந்த ஆறும் ஸ்பீக்கரோடு சேர்த்துத் துண்டில் சுற்றி வந்தது போல, புது வீட்டில் ஒன்றும் வாயிலிருந்து வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டினார். நேரம் கேட்டால் கடிகாரத்தைக் காட்டினார். "மணி என்னன்னு சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

மகன் இன்னொரு வழி சொன்னான். புது மோடத்துக்குப் பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்துவிட்டால், பழைய வீடு என்று நினைத்து ஸ்பீக்கர் தானாக ஏறிக்கொள்ளும். பெயர் எனக்குத் தெரியும், மாடி வீட்டுக்காரியின் மூத்த பிள்ளையின் பெயர். பாஸ்வேர்டு தெரியாது. ஆனால் எனக்குத் தேதிகள் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகளின் பிறந்த நாள், ஞானஸ்நானம் எடுத்த நாள், புருஷன் பெண்டாட்டியின் கல்யாண நாள், வீடு பிரதிஷ்டை செய்த நாள் எல்லாம் என் பழைய குறிப்புகளில் உண்டு. ஒரு சனிக்கிழமை காலையிலேயே உட்கார்ந்தேன். பெயரோடு தேதி. தேதி தனியாக. வருடம் முதலில், நாள் முதலில். அவர்கள் வீட்டு முகப்பில் பதித்திருக்கிற வசனத்தின் அதிகாரமும் எண்ணும். ஒவ்வொரு முறையும் மோடத்தில் மாற்றி, ஸ்பீக்கரைப் பிடுங்கிச் செருகி, ஆரஞ்சு வெளிச்சம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சிவப்பாகும். அடுத்தது. சமையல் செய்யவில்லை, காலையில் வைத்த இட்லியையே மத்தியானமும் சாப்பிட்டோம். சாயங்காலம் போனில் விரலை ஒரு எழுத்தில் வைத்தால் அது அடுத்த எழுத்தில் விழுந்தது. அத்தனை தேதி தெரிந்தும் எதற்கும் ஆகவில்லை. அவர் கட்டிலிலிருந்து எழுந்து வந்து, என் கையிலிருந்து போனை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் அழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். புதிதாகவே ஆரம்பிப்போம் என்று அவரிடம் சொன்னேன். நான் பொத்தானில் விரலை வைத்து அழுத்த ஆரம்பித்தபோது அவருடைய இடது கை வந்து என் கையை விலக்கியது. விலக்கிய வேகத்தில் ஸ்பீக்கர் தரையில் விழுந்து உருண்டது. அவர் குனிய முடியாத மனிதர். குனிந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அதை எடுத்து, பனியனுக்குள் வைத்துக்கொண்டார். வாய் திறந்து என்னவோ சொல்ல முயன்றார். காற்றுத்தான் வந்தது.

அந்த வாரத்தில்தான் விழுந்தார். நான் தெருமுனைக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கூடத்தில் ஆளில்லை. கூப்பிட்டேன், சத்தமில்லை. குளியலறையில் ஈரத் தரையில் பக்கவாட்டில் கிடந்தார், கண் திறந்திருந்தது, வலது முழங்கை தோல் உரிந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சுவர் கையெட்டும் தூரம், ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பார்கள். "ஏதாவது ஒண்ணு சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்லா? மணின்னு கத்தியிருந்தாலும் வந்திருப்பாவளே," என்றேன். அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். தூக்கி நிறுத்த எனக்குத் தெம்பில்லாமல் நானும் அந்த ஈரத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜங்ஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் அன்று அவரை அரைமணி நேரம் வைத்துப் பார்த்தார். படங்களைக் காட்டினார், பாட்டு முதலடியை எடுத்துக் கொடுத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"போன தடவைக்கு ரொம்பக் கீழ போயிருக்காங்கம்மா. இப்படியே விட்டா மறுபடி வரும்னு என்னால சொல்ல முடியாது. வீட்ல எது பேச வச்சுச்சோ அதை எப்படியாவது திரும்பக் கொண்டாங்க."

ஆட்டோவில் திரும்பும்போது ஆற்றுப்பாலத்தில் நெரிசலில் நின்றோம். கார் பருவ நெல்லுக்கு அணை திறந்திருந்தார்கள். தண்ணீர் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாலம் தாண்டியதும் ஆட்டோக்காரரிடம் கே.டி.சி. நகர் வேண்டாம், பெருமாள்புரம் போங்கள் என்றேன். என் கணவர் என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்காரர் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழ்வீடு பூட்டியே கிடந்தது. சொந்தம் யாரும் குடிவந்திருக்கவில்லை.

"என்னக்கா, வழி தவறிட்டியளா?"

"தங்கச்சி இருக்காளா தம்பி?"

"என்ன விசயம்னு எங்கிட்ட சொல்லலாம்லா."

சொன்னேன். ஸ்பீக்கர், கணக்கு, ஆறு சொற்கள், குளியலறையில் விழுந்தது. அவர் துணியைப் பிழிந்தார்.

"ஆக, ஒங்க மிசினுக்கு எங்க வீட்டு ஓட்டு வேணும். எனக்கு மட்டும் ஒங்க வீட்டு ஓட்டு வேண்டாமாக்கும்."

நான் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தேன்.

"சரி, போனது போவுது. இப்பச் சொல்லுங்க. யாருக்குப் போட்டிய? சொல்லிட்டு மேல போங்க."

உங்களுக்குத்தான் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சீட்டுகளை எல்லாம் அன்றே கிழித்துப்போட்டிருப்பார்கள், யாரும் சரிபார்க்க முடியாது. அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும்.

"ஒங்களுக்குப் போடல தம்பி. போன கமிட்டியில ரெண்டு வருசமா வரவுசெலவ கூட்டத்துல வாசிக்கல. அதுக்காகப் போடல. வேற கோவம் ஒண்ணும் இல்ல."

"தெரியும். அன்னைக்கே தெரியும்," என்று பைக் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போய்விடலாம் என்று காலைத் திருப்பினேன்.

"நானுந்தான் போடல," என்று மேலேயிருந்து குரல் வந்தது. மாடி வீட்டுக்காரி துணி காயப்போடுகிற கம்பிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஏட்டி," என்று அவர் நிமிர்ந்தார்.

"ஜெயிச்சா ஞாயித்துக்கெழம கூட வீட்ல ஒக்காந்து சோறு திங்கமாட்டிய. அதுக்குத்தான் போடல. அக்காவ ஒழிச்ச மாதிரி என்னையும் ஒழிச்சு விடுங்க."

"ரோட்ல நின்னு பேசாத."

"நான் மாடியிலதான நிக்கேன்."

அவர் துணியை வாளியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் சொன்னது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

இறங்கி வந்தாள். "அக்கா, அது எங்கணக்குல இருக்குன்னு எனக்கே இப்பத்தான் ஒறைக்குது. தெனமும் என் போன்ல 'இணைப்பில் இல்லை'ன்னு காட்டுது. நீங்க வேற வாங்கிட்டியன்னு நெனச்சேன். ஆனா அழிக்க மனசு வரல." பிறகு ஆட்டோவுக்குள் குனிந்து, "அண்ணாச்சி," என்றாள். அவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடைவிட்டு நேராக ஸ்கூட்டியில் வந்தாள். ஸ்பீக்கர் பனியனுக்குள் இருந்து வெளியே வர நேரம் பிடித்தது. அவள் அவரிடம் கேட்டு வாங்கவில்லை. கூடத்தில் முன்பு போலப் போனோடு உட்கார்ந்துவிட்டாள், கடைசியில் அவரே எடுத்து மேஜையில் வைத்தார். அவள் ஆப்பைத் திறந்து, வைஃபையை மாற்றும் இடத்துக்குப் போய், பொத்தானைச் சிறிது நேரம் அழுத்தினாள். நான் பயந்துபோய்க் கையைப் பிடித்தேன்.

"இது அழிக்கது இல்லக்கா, ஆரஞ்சு வர வரைக்கும்தான் அமுக்கணும். பயப்படாதீய."

ஆரஞ்சு வந்தது. மோடத்தின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டை நான் வாசிக்க வாசிக்க அடித்தாள். சுற்றியது, நின்றது, முடியவில்லை என்றது. இன்னொரு முறை. முடியவில்லை. புது மோடம் ஒரே பெயரில் இரண்டு அலைகளை அனுப்புகிறது, இந்த ஸ்பீக்கர் பழசு, இதற்கு ஒன்றுதான் பிடிபடும் என்று கண்டுபிடிக்கவே நெடுநேரம் ஆயிற்று. மோடத்துக்குள் போய் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்தாள். மூன்றாவது முறை ஆரம்பித்தபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவேளை இதுவும் ஆகாவிட்டால் அவரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கரண்ட் போயிற்று. எங்கள் வீட்டில் மட்டுமா, தெருவுக்கே போயிற்றா என்று பார்க்க வாசலுக்கு வந்தேன். எதிர்வீட்டு அம்மா கேட்டருகில் நின்றார். எல்லாருக்கும்தான் என்றார். லைனில் மரக்கிளை உரசுகிறது, இந்த வாரம் இதே வேலையாகப் போயிற்று என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே விளக்குகள் வந்தன. அவர் பேச்சை முடிக்கட்டும் என்று நின்றேன். மோடம் மறுபடி உயிர் பெறுகிற நேரம்தான் நான் வெளியே இருந்திருப்பேன்.

உள்ளே வந்தால் மேஜையில் நீல வெளிச்சம் சுற்றி அடங்கிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார், இடது கட்டைவிரல் பொத்தான் மேல். மாடி வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏறிருச்சா?"

"ஏறிருச்சு. அக்கா, அண்ணாச்சி பேசுனாவ."

"பாத்துன்னாவளா?"

"இல்ல. 'காப்பி குடிச்சிட்டுப் போ'ன்னாவ. முழுசா."

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிசின்கிட்டயா, ஒங்கிட்டயா?"

"என்னப் பாத்துத்தான் சொன்னாவ. கை பொத்தான்ல இருந்துச்சு."

பக்கவாதத்துக்குப் பிறகு அவர் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொன்னது கிடையாது. நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒரு தடவை சொல்லுங்கள் என்றேன். இன்னும் ஒரு தடவை கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். எழுந்து போய்க் காப்பி போட்டேன். அவள் குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டு, அவர் பொத்தானை அழுத்துவதற்காகக் காத்திருந்தோம். அவர் அழுத்தினார், வாய் கோணிற்று, ஒன்றும் வரவில்லை. மறுபடி. ஸ்பீக்கர் புரியவில்லை என்றது. பழைய தொனிதான். பல முறைக்குப் பிறகு "பா" என்பது வந்தது. "பாத்து" வர இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. பிறகு "மணி" வந்தது, தெளிவில்லாமல். மற்ற நான்கும் இதுவரை வரவில்லை. அவள் கணக்கில் அவை எல்லாம் இருக்கின்றன, ஆப்பைத் திறந்தால் வரிசையாகத் தெரிகின்றன. அவர் வாயில்தான் இல்லை. மகன் தினமும் சாயங்காலம் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பதாகச் சொல்கிறான். நானாகக் கூப்பிட்டால் எடுத்ததும் முதலில் "அப்பாவா?" என்கிறான்.

அவள் வாரம் ஒருநாள் வருகிறாள். கோயிலில் தூணுக்கு அந்தப் பக்கம்தான் இன்னும் உட்காருகிறாள், புருஷன் பக்கத்தில்.

அந்த வாக்கியத்தைச் சரிபார்க்க என்னால் முடிந்ததைச் செய்தேன். ஸ்பீக்கரோடு யார் என்ன பேசினார்கள் என்பதை ஆப்பு தேதி, நேரத்தோடு குறித்து வைக்கிறது. அவள் வந்து ஏற்றிக் கொடுத்த சனிக்கிழமை மாலை, கரண்ட் வந்த நேரத்துக்கு ஒரு பதிவு இருக்கிறது. ஆனால் சொற்கள் இருக்க வேண்டிய இடத்தில், ஒலி புரியவில்லை என்று மட்டும் இருக்கிறது. குரலைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. அவர் திணறுவதை வேறு யாரும் கேட்டுவிடக் கூடாது என்று குரலைச் சேமிக்கும் வசதியை அவளே முதலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். அவரிடம் கேட்டால் ஆம் என்றும் தலையாட்டுவதில்லை, இல்லை என்றும் ஆட்டுவதில்லை. அவளிடம் வேறு வேறு நாட்களில் கேட்டுப் பார்த்தேன். அதே சொற்கள், அதே வரிசை. பொய் சொல்கிறவள் இல்லை. எனக்காக ஒன்றைச் சொல்லக்கூடியவள் என்பதும் எனக்குத் தெரியும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னேன். அப்படி ஒரு முழு வாக்கியம் ஒருமுறை வந்திருந்தால் மறுபடி வரலாம், வராமலும் இருக்கலாம், முதலில் வந்ததா என்பது தெரிய வேண்டும் என்றார். எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். என் கணவர் "காப்பி குடிச்சிட்டுப் போ" என்று சொன்னாரா என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிப்படவில்லை.